கெட்டிக் கஞ்சி

ஏழாவது குழாயும் கட்டியாகத்தான் வந்தது. கவிழ்த்துப் பிடித்தாலும் விழவில்லை. சித்திகா அதைத் தொட்டியோரம் வைத்துவிட்டு நின்றாள்.

அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு அது. தண்ணீரில் கரையும் ஒரு பாலிமர். முப்பத்தைந்து டிகிரி தாண்டினால் பாலாக வெளுக்கும், ஆறினால் தெளியும். அதில் காமா கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு மூலக்கூறுச் சங்கிலியையும் தனக்குள்ளேயே முடிச்சுப் போடவைத்து, கண்ணுக்குத் தெரியாத நானோஜெல் துகளாக்க வேண்டும். தொண்ணூற்றொன்பது மார்ச்சுக்குள் வராவிட்டால் வேறு தலைப்பு என்று பேராசிரியர் சீனிவாசலு சொல்லிவிட்டார். மூன்று வருடம் வீண்.

நான் அதே துறையில் எம்.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டவன். இரவில் கருமத்தம்பட்டி சைசிங் ஆலையில் தறியில் ஏறும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சுவேன். காலையில் இந்த ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவுவேன். அந்தக் கட்டிகளைக் கம்பியால் நோண்டி எடுத்தவன் நான்தான்.

"கரைசல் எத்தனை கெட்டிங்க அம்மணி?"

"நூத்துக்கு அஞ்சுங்ண்ணா. கம்மி பண்ணா ஒண்ணும் சேராதுன்னு சார் சொல்றாரு."

"கஞ்சி கெட்டியாப் போச்சுன்னா இழையோட இழை ஒட்டிக்கும். பாவே பாழு. தண்ணியாட்டம் உடுங்க. பக்கத்துல ஆளில்லீன்னா அது தன்னையேதான் புடிச்சாகோணும்."

"எம்பட ஆராய்ச்சியக் கஞ்சியாக்கிப்போட்டீங்களே!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கரைசலை ஐம்பது மடங்கு நீர்க்க வைத்தாள்.

கதிர் பட்டு வந்த எட்டாவது குழாய் தண்ணீர்போல ஓடியது. மெல்லிய கண்ணாடிக் குழலில் அது இறங்கும் நேரத்தை அளந்தோம். கதிருக்கு முன் நூற்றுப் பத்து விநாடி. இப்போது நூற்று நான்கு.

சீனிவாசலு உதட்டைப் பிதுக்கினார். "முடிச்சு உழுந்தா கெட்டியாகோணும், எளகக் கூடாது. சங்கிலி ஒடைஞ்சுபோச்சும்மா. கஞ்சி காச்சறவன் பேச்சக் கேட்டா இப்பிடித்தான்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் விடவில்லை. "ஒடைஞ்சிருந்தா எடை கொறைஞ்சிருக்கோணுங்க சார். சுருண்டிருந்தா எடை அப்பிடியே இருக்கும். அளந்து பாத்துரலாங்க."

மூலக்கூறின் எடையையும் அளவையும் காட்டும் ஒளிச்சிதறல் கருவி இங்கே இல்லை. மாதிரி பம்பாய்க்குப் போயிற்று. பதினோரு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி ஃபேக்ஸ் வந்தது. சீனிவாசலு நின்றபடியே படித்தார். மூலக்கூறு எடையில் மாற்றமில்லை. அதன் ஆரம் மட்டும் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. இன்னொரு முறை படித்தார். காகிதத்தை அவள் கையில் கொடுத்தார்.

அவள் எட்டாவது குழாயை வெந்நீரில் இறக்கினாள். பாலானது. குளிர்நீரில் இறக்கினாள். தெளிந்தது. ஒன்பது முறை செய்தாள். ஒரு துளி கட்டி இல்லை. பக்கத்து ஆய்வகத்துக்காரர்களெல்லாம் வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

"ஏப்பா நரசிம்மலு," என்றார் சீனிவாசலு. "கஞ்சி எவ்வளவு தண்ணியா இருக்கோணும்?"

"இழை தனியா நிக்கற அளவுக்குங்க சார்."

"நீ அந்த எம்.எஸ்ஸி.ய முடிச்சுத் தொலையேன்."

"பாக்கலாங்க," என்றேன்.

கூட்டம் கலைந்ததும் குழாய்களைக் கழுவ எடுத்தேன். சித்திகா எட்டாவதைப் பிடுங்கிக்கொண்டாள். "இதத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்!"

தொட்டியோரம் கிடந்த கம்பியைக் குப்பைக்கூடையில் போட்டேன்.