ஒரு ரவுண்டு போன வண்டி

"வாயைத் தொறங்க. ஒரு மடக்கு போதும்."

கரண்டியை உதட்டோரம் வைத்தபடி ஆவுடைத்தாய் குனிந்து நின்றாள். தாணு வாயைத் திறக்கவில்லை, கண்ணைத்தான் திறந்தார்.

"வந்துட்டா?"

"வரும். முதல்ல இந்தக் கஞ்சித்தண்ணியக் குடிங்க."

"சத்தம் கேக்கல்லையே."

கஞ்சித்தண்ணி கன்னத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது. முந்தானையால் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே துடைத்தாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு மனுஷன் பேசுவதே அபூர்வமாகிவிட்டது. பேசுகிற அந்த ஒன்றிரண்டு வார்த்தையும் வண்டிக்குத்தான்.

ஆரியசாலை மொத்தக் கடைகளுக்கு அரிசியும் பருப்பும் சுமந்த டீசல் பிக்கப் அது. வாங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பெயின்டில் ஒரு கீறல் கிடையாது. மழைக்காலத்தில் வீட்டு ஓடு ஒழுகும், அடுக்களையில் அவள் பாத்திரம் பாத்திரமாக வைத்துத் தண்ணீர் பிடிப்பாள். வெளியே வண்டி புதுத் தார்ப்பாய்க்குள் நனையாமல் நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்த நாட்கள் கொஞ்சமா?

இனி ஓட்ட ஆளில்லை என்று ஆனபின் மகன் செல்வகணேஷ் பேப்பரில் விளம்பரம் கொடுத்தான். வந்தவர்களையெல்லாம் தாணு கட்டிலில் கிடந்தபடியே விரட்டினார். ஒருவன் கதவை ஓங்கி அடைத்தான், வேண்டாம். ஒருவன் எஞ்சின் சூடாகுமுன்பே ஆக்சிலேட்டரை மிதித்தான், அவனும் வேண்டாம். இன்னொருவன் வெற்றிலை போடுகிறவன். "சீட்டுல துப்புவான், போவச் சொல்லு."

காலையில் வந்த சத்தியதாஸ் கதவை மெல்ல அடைத்தான். அது ஒன்றே தாணுவுக்குப் பிடித்துப்போயிற்று.

"ஓட்டிப் பாக்கட்டு. போவும்போது எவனும் பதனமாத்தான் போவான். திரும்பி வரச்சில கியரு மாத்துத சத்தத்தக் கேட்டா ஆளு யாருன்னு தெரியும். கேட்டுட்டுச் சொல்லுதேன்."

"ஒரு ரவுண்டு அம்மா, இப்ப வந்திருவேன்" என்று தன் ஸ்கூட்டரை வாசலில் வைத்துவிட்டுப் போனான் அவன். அவள் அதற்குப் பிறகு இட்லி அவித்து, துணி துவைத்து, துவைத்த துணி காய்ந்ததை மடித்தும் வைத்துவிட்டாள்.

அவர் வாயால் 'சரி, குடு' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். வண்டி இந்த வீட்டை விட்டுப் போகும். அதற்குப் பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரத்திலாவது மனுஷன் தன் பக்கம் முகத்தைத் திருப்புவார். அவ்வளவுதான் அவள் எதிர்பார்த்தது.

அடுக்களை வாசலில் செல்வகணேஷ் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எடுத்தானா?"

"ரேஞ்ச் இல்லன்னு சொல்லுதும்மா."

"வண்டியக் கொண்டே போயிட்டாம்ல."

"ஸ்கூட்டரை வச்சிட்டுல்லா போயிருக்கான். திருட வந்தவன் ஸ்கூட்டரை விட்டுட்டுப் போவானா?"

"அந்த ஸ்கூட்டரப் பாத்தியா நீ? அத எங்கயாவது விட்டுட்டுப் போவத்தான் வந்திருப்பான்."

மருமகள் அஜிதா சிரிப்பை அடக்கினாள். "மெல்ல அத்தே. மாமாவுக்குக் கேக்கும்."

மாமாவுக்குக் கேட்டுத்தான் இருந்தது. சந்தில் ஏதோ ஒரு வண்டி உறுமியது. அவர் தலை தலையணையிலிருந்து லேசாக எழும்பியது.

"அது இல்ல" என்று தானே சொல்லித் தலையைச் சாய்த்துக்கொண்டார். "தண்ணி லாரி."

செல்வகணேஷுக்குப் பொறுக்கவில்லை. கட்டிலருகே போய்க் குனிந்தான்.

"அப்பா, வண்டி வந்துட்டு. வாசல்ல நிக்கி. நல்லா ஓட்டுதாம்ப்பா, குடுத்திரலாம்."

"வந்துட்டா?"

"ஆமாப்பா."

"நிறுத்துன சத்தம் கேக்கல்லையே."

தாணு கண்ணை மூடியபடியே சொன்னார்: "ஓட்டத்தான் தெரியாதுன்னு பாத்தேன். பொய் சொல்லவும் தெரியல்லியேல ஒனக்கு."

அவன் அடுக்களைக்குத் திரும்பி வந்து ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தான். "யாரு ஓட்ட விட்டா? டிரைவர் சீட்டுல ஒருநாள் இருந்ததுக்குப் பிடரியில அடிச்ச மனுஷன்."

"இப்ப அதையா பேசுத?" என்றாள் ஆவுடைத்தாய். ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை.

மூச்சு மாறத் தொடங்கியது மத்தியானத்துக்கு மேல். இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். அஜிதா காலைத் தேய்த்துவிட்டாள். ஆவுடைத்தாய் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு போகவில்லை. அவர் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனாள்.

"வந்துட்டா?"

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம்.

"வண்டி, வண்டி, வண்டி! நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன்லா? என்னைக் கண்ணுக்குத் தெரியல்லியா? எங்கிட்ட சொல்ல ஒரு வார்த்த இல்லியா ஒங்களுக்கு?"

"மதி அத்தே, போதும்" என்று அஜிதா அவள் தோளைப் பிடித்தாள்.

தாணு மெல்லக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். நேராகத்தான் பார்த்தார்.

"நீ எங்கட்டி போவ?"

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"முக்கு வரைக்கும் ஒருக்கா போய்ப் பாரேன்."

போ என்று சொல்லியே பழகிய மனுஷன், 'பாரேன்' என்கிறார். அவள் அவர் கையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். செருப்பைக்கூடப் போடவில்லை.

சந்து முனையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பிச்சைக்கனி தலைச்சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, என்ன இங்க வந்து நிக்கீங்க? வண்டிய எங்க காணல்ல?"

"எல்லாரும் வண்டியவே கேளுங்கல."

கிள்ளிப்பாலம் பக்கமிருந்து ஆட்டோவாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் சபித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து அந்த நீல முகப்பு எட்டிப் பார்த்தது. அவள் நடுரோட்டிலேயே இறங்கிக் கையை நீட்டினாள்.

"எங்கடே போன? ஒரு ரவுண்டுன்னு சொன்ன!"

சத்தியதாஸ் பயந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டான். "கல்லாறு வரைக்கும் போயிட்டேன் அம்மா. வீடு அங்கயாக்கும். பெண்டாட்டி பாக்காம வாங்கினா வீட்டுக்குள்ள கேற்றமாட்டா. பின்னே, பொன்முடி ஏத்தத்துல இழுக்குதான்னும் பாக்கண்டாமா?"

"கல்லாறா? மலையடிவாரம் வரைக்கும் போனா அதுக்குப் பேரு ஒரு ரவுண்டா?"

"வண்டி கிடிலமாக்கும் அம்மா, ஒரு குறை சொல்லமுடியாது. நான் எடுத்துக்கிடுதேன். அண்ணன் என்ன சொல்லுதாரோ அதுதான் வெல."

அவள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி விடு. வேகமாப் போ. இல்ல, வேகமாப் போவாத. மெதுவாப் போ. கியரு பதனமா மாத்து. அவரு கேப்பாரு."

"அண்ணனா?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுடே."

சந்துக்குள் திரும்பும்போது அவன் கியர் மாற்றியது கையசைந்ததில்தான் தெரிந்தது, காதில் விழவில்லை. ஆவுடைத்தாய் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இதற்கு மேல் என்ன குறை கண்டுபிடிப்பார்? 'சரி, குடு' என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

வாசலில் செல்வகணேஷ் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

வண்டி நிற்குமுன்பே இறங்கிவிட்டாள். உள்ளே அஜிதா கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தாள். தாணுவின் கண் மூடியிருந்தது. அவள் கட்டிலில் வைத்துவிட்டுப்போன கை வைத்த இடத்திலேயே இருந்தது.

"எப்ப?"

"நீங்க எறங்கின ஒடனே அத்தே. ஒங்கள விளிக்க ஆளு விட்டேன், அவன் மறு வழியா போயிட்டான்."

"வண்டி சத்தம்..."

"இல்ல அத்தே. அதுக்கு முன்னேயே."

ஆவுடைத்தாய் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. ஒரு பொழுது முழுக்கப் பக்கத்தில் இருந்தவளை எழுப்பி அனுப்பிவிட்டு, அந்த இடைவெளியிலா போகவேண்டும்?

ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. டீசல் புகை உள்ளே வந்தது.

"அந்த வண்டிய நிறுத்துங்கப்பா, சாவு வீட்டுல" என்று அடுத்த வீட்டு ஜெஸ்லின் வெளியே சத்தம் போட்டாள்.

சத்தியதாஸ் வாசற்படியில் வந்து நின்றான். விஷயம் புரிந்து முகம் வெளிறியிருந்தது. கையில் சாவி.

"சாவிய எடுத்தாச்சு அம்மா. வண்டி நிக்கல்ல."

"என்னது?"

"நான் பெட்ரோல் வண்டியாக்கும் ஓட்டினது. கல்லாறுலகூட எஞ்சின நிறுத்தல்ல, நிறுத்தினா பின்னே கிளம்பல்லேன்னா என்ன செய்யன்னு..."

செல்வகணேஷ் போய் எதையெதையோ அமுக்கினான். ஹாரன் அலறியது. வைப்பர் வறண்ட கண்ணாடியில் கிரீச்சிட்டு ஆடியது. எஞ்சின் அது பாட்டுக்கு ஓடியது.

"எறங்குல" என்றாள் ஆவுடைத்தாய். வெளியே வந்திருந்தாள்.

படியில் காலை ஊன்றி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட் நடுவில் பள்ளமாக இருந்தது. கால் பெடலுக்கு எட்டவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தேய்ந்து வழவழப்பான ஒரு கறுப்புக் குமிழ். அதை இழுத்தால்தான் இந்த வண்டி நிற்கும், சாவிக்கு நிற்காது. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். கை தானாக அங்கே போயிற்று.

"இழுத்திருங்கம்மா" என்றான் செல்வகணேஷ்.

"இரு."

"ஆளுக நிக்காவம்மா."

"மலையேறி வந்த வண்டி. சூடு ஆறாம ஒடனே நிறுத்தப்பிடாது."

சத்தியதாஸ் சாவியை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவிழ்த்த கூந்தலோடு, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, ஒப்பாரியின் முதல் வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தம் ஓயட்டும் என்று வண்டியைச் சுற்றி நின்றார்கள்.