லவுஞ்சில் சொல்லப்பட்ட துக்கம்

என் கொழுந்தன் செய்சென் தன் காசில் யாருக்கும் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தவனில்லை. அவன் எனக்காக விமான நிலைய லவுஞ்சுக்குச் சீட்டு வாங்கியபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இதய ஆபரேஷன் முடிந்து அல்மாட்டியில் படுத்திருந்த என் தம்பி தவ்ரெனைப் பார்க்கப் போகிற அவசரம் எனக்கு. கண் திறந்ததும் என்னைத்தான் கேட்டானாம். செய்சென் சொன்னான்.

"கீழேயே எல்லாரோடயும் உக்காந்துக்கறேனே," என்றேன்.

"வேண்டாம் அண்ணி, ஒரே கூட்டம். மேலே ராணி மாதிரி உக்காருங்க."

ராணிக்கு நான்கு ரெக்சின் சோபாக்கள் போட்டிருந்தார்கள். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கை இன்னும் உரிக்கவில்லை. மூலையில் இருந்த இயந்திரத்தில் காபிப் பொத்தானை அழுத்தினால் வெந்நீர் வந்தது. வெந்நீர்ப் பொத்தானை அழுத்தினால் உறுமல் மட்டும் வந்தது. கண்ணாடிக்குப் பனிநிறத் தாள் ஒட்டியிருந்ததால் விமானம் தெரியாது. விமானத்தைப் பார்க்க வேண்டுமானால் இலவசக் கூடத்துக்குத்தான் இறங்க வேண்டும். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. அமைதியைக் குலைக்க எங்களைத் தவிர அங்கே ஆளே இல்லை.

பிஸ்கட் தட்டுக்குக் காவலாக ஐனாஷ் என்ற பெண் நின்றாள்.

"ஆளுக்கு ரெண்டுதான், அக்கா."

"மூணாவது எடுத்தா வெடிச்சிடுமா?"

"லிஸ்ட்ல ரெண்டுன்னுதான் போட்டிருக்கு."

தம்பி மனைவியிடம் பேசலாமென்று செய்செனிடம் என் போனைக் கேட்டேன். காலையிலேயே வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டிருந்தான்.

"சார்ஜ் இல்ல, அண்ணி."

"அதோ சுவத்துல பிளக் இருக்கே."

"வோல்டேஜ் சரியில்லையாம்."

அப்போது கதவு திறந்தது. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற தோலெகென் உள்ளே வந்தார். ஏதோ வங்கி அட்டைக்கு அவருக்கு லவுஞ்ச் இலவசம். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். நேராக வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"மனச தேத்திக்கோ, குல்யாஷ். தங்கமான பையன். நாப்பத்தாறெல்லாம் ஒரு வயசா? அவன் மேல விழற மண்ணு பட்டு மாதிரி மெத்துன்னு இருக்கட்டும்."

எங்களில் உயிரோடிருப்பவனுக்கு யாரும் அந்த வாழ்த்தைச் சொல்வதில்லை.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா அண்ணா!" என்று செய்சென் துள்ளி எழுந்தான்.

"இன்னும் சொல்லலையா? கீழே ஊரே பேசிக்கிட்டிருக்கே!"

சாவுச் செய்தியை நாங்கள் போனில் சொல்வதில்லை, வழியிலும் சொல்வதில்லை. பெரியவர்கள் கூடி, உட்கார வைத்து, எதையெதையோ சுற்றி வந்துதான் சொல்வார்கள். அதுவரை செத்தவனுக்கு 'கொஞ்சம் உடம்பு சரியில்லை.' நானும் மூன்று பேரை இப்படி அழைத்துப் போயிருக்கிறேன். ஒருத்தியிடம் வழி நெடுக ஜோக்கு வேறு சொன்னேன். கீழே யாராவது துக்கம் கேட்டுவிடுவார்கள் என்று பயந்துதான் இந்தக் கஞ்சன் காசு கொடுத்து என்னை மேலே ஒளித்திருக்கிறான்.

"எப்போ?" என்றேன்.

"வியாழக்கிழமை மத்தியானம்," என்றான் செய்சென்.

"கண்ணத் தொறந்து என்னைக் கேட்டான்னியே?"

அவன் காபி இயந்திரத்தைப் பார்த்தான். "தொறக்கவே இல்ல, அண்ணி."

என் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. ஐனாஷ் சுவரிலிருந்த 'அமைதி காக்கவும்' எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை முழுசாக என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து தோலெகென் இரண்டு எடுத்துக்கொண்டார்.

"அண்ணி, ஒரே ஒரு உதவி," செய்சென் குனிந்து கிசுகிசுத்தான். "அங்கே பெரியவங்க காத்துக்கிட்டிருக்காங்க. தெரியாத மாதிரியே வாங்க. இல்லேன்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க."

தம்பியைப் பறிகொடுத்தவள் நான். காப்பாற்ற வேண்டியது அவன் மூஞ்சியை. சரியென்றேன். அவனோடு சண்டை போடக்கூட என்னிடம் தெம்பில்லை.

அல்மாட்டியில் ஏழு கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சுற்றி வளைத்து ஒரு கதை தொடங்கி, அதில் ஒரு பருந்தைப் பறக்கவிட்டார். அது ஏரியைக் கடந்தது, மலையைக் கடந்தது. இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. உள் அறை வாசலில் தம்பி மனைவி வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்க்காதவள்போல் பருந்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பருந்து இனிமே திரும்பாது, மகளே," என்றார் கடைசியில்.

ஐந்து மணி நேரமாக அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். கிழவருக்குத் திருப்தி. செய்செனின் தோளைத் தட்டினார்.

"பக்குவமா கூட்டிட்டு வந்துட்டப்பா."

அவன் தலையைக் குனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டான்.