பம்பு பெட்ரோலுக்கு ஒன்பது

இடது காலுக்கு உறை ஏறவே இல்லை. கத்தரீனாள் புருசனின் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைக் காலுறையை இழுத்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரை ரப்பர் செருப்புக்கு மேல் எதையும் போட்டறியாதவன் மரியஜோசப். இப்போது கோட்டு, கைகளில் சுற்றிய செபமாலை, வெள்ளைக் காலுறை.

"விடு மைனி, நான் போடுதேன்" என்று நாத்தனார் கையை நீட்டினாள்.

"நேத்து நடு ரோட்டுல அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டதும் நாந்தானே. இதையும் நானே போடுதேன்."

நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். "என்ன செய்ய? கர்த்தர் அழைச்சுக்கிட்டாரு."

கத்தரீனாளுக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. "அழைக்கணும்னா லயத்து வீட்டுலயே அழைச்சிருக்க மாட்டாரா? ஆசுபத்திரிக்குப் பாதி வழி கூட்டிட்டுப் போயி, ஏத்தத்துல ஜீப்பை நிறுத்தித்தான் அழைப்பாரா?"

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் ஆறுதலுக்குக் கர்த்தர் பேரை அவள் காதுபட எடுக்கவில்லை.

நேற்றுக் காலையில் கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்தான் மரியஜோசப். மகன் ரிஜின்தான் ஜீப்பை எடுத்தான். பாறைமேட்டு ஏற்றத்தில் பாதி போவதற்குள், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி எஞ்சின் தட்டத் தொடங்கியது. பெண்டாட்டி தோளில் சாய்ந்து வியர்த்துக் கிடந்தவன் அந்தச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்தான். "ரிஜினு, இது டேப்பட் இல்லடா" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. பிஸ்டன் ஓட்டையாகி, குபுகுபுவென்று புகை வந்து, ஜீப் நின்றது. பக்கத்து லயத்துப் பெரியமுத்து தன் ஜீப்போடு வந்து சேர்ந்தபோது தூக்கிப் போக ஆள் இருந்தது, உயிர் இல்லை.

அந்த ஜீப்பில்தான் அவன் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சேற்றுப் பந்தயம் என்று ரிஜின் கேட்டதற்காக டீசல் எஞ்சினை இறக்கிப் பெட்ரோல் எஞ்சினை ஏற்ற விட்டான். ஒரே ஒரு கட்டளைதான் போட்டான்: அமுக்கம் ஒன்பதைத் தாண்டக் கூடாது. அது என்னடா ஒன்பது என்று கத்தரீனாள் கேட்டதற்கு ரிஜினே அடுப்படியில் உட்கார்ந்து விளக்கினான்.

"நீ சாக்குல ஏலக்காயை மிதிச்சு அடைக்கியில்லம்மா, அது மாதிரி. சிலிண்டருக்குள்ள வார காத்தையும் பெட்ரோலையும் ஒன்பதுல ஒரு பங்கா அமுக்குனா ஒன்பது. இன்னும் அமுக்குனா வண்டி பறக்கும். ஆனா பம்புல ஊத்துற பெட்ரோலு தாங்காது, நேரங்கெட்ட நேரத்துல தானா வெடிக்கும். பந்தயத்துக்குன்னா கொச்சிலருந்து கேன்ல வேற பெட்ரோலு வரும். அப்பா ஓட்டுறது பம்பு பெட்ரோலு. அதனால ஒன்பதுதான்."

ஜோமோனின் வொர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து வண்டி வந்த நாளில் தகப்பன் கேட்டான். "எத்தனைடா வெச்ச?"

"ஒன்பதுதாம்ப்பா."

ஏற்றத்தில் தட்டுகிறதே என்று பிறகு கேட்டபோதெல்லாம் "டேப்பட் சத்தம்ப்பா, வால்வு தட்டுறது, ஒண்ணும் செய்யாது" என்றான். தகப்பன் நம்பினான். பெற்ற பிள்ளையின் வாயை நம்பாமல் வேறு யார் வாயை நம்புவது?

பத்து மணிக்கு வொர்க்‌ஷாப்காரன் ஜோமோன் மலர்வளையத்தோடு வந்தான். கூடவே ஒரே மாதிரி பனியன் போட்ட பந்தயக் கூட்டம். சவத்தின் தலைமாட்டில் நின்று கைகட்டிக்கொண்டு, "பெட்ரோல் மோசம் சேச்சி. பம்புக்காரன் கலப்படம் செய்துட்டான்" என்றான். பெரியமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "அதே பம்புலதானேய்யா இந்த மலையே பெட்ரோலு அடிக்குது? எங்க ஆட்டோ, பைக்கு ஒண்ணும் புகையலையே." ஜோமோன் மலர்வளையத்தைச் சவத்தின் காலடியில் சாய்த்து வைத்தான்.

சாமியாருக்குத் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனபோதுதான் கத்தரீனாள் கேட்டாள். தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஜோமோன் குரல்.

"பதினொண்ணரைங்கிறது நமக்குள்ள இருக்கட்டும்டா மோனே. இனி யாரு எஞ்சின் ஹெட்டைக் கழட்டி அளக்கப் போறா? புது பிஸ்டன் நான் போட்டுத் தரேன். அடுத்த பந்தயத்துக்கு போனட்ல உன் அப்பச்சன் போட்டோ ஒட்டி இறக்குவோம். ஜனம் அழுதுரும்."

ரிஜின் "ம்" என்றான்.

அவளை எரித்தது அந்த "ம்"தான். அழுதிருக்கலாம், மறுத்திருக்கலாம், ஜோமோன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். புது பிஸ்டன் போட்டதும் அதே ஜீப்பில் ஏறப்போகிற பெண்கள் இந்நேரம் உள்ளே அவன் தகப்பனுக்காகச் செபம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இவன் "ம்" என்கிறான். கத்தரீனாள் குவளையை நிறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செபம் முடிந்தது. பெட்டியை மூடும் முன் கடைசி முத்தம். நாத்தனார் நெற்றியில் முத்தமிட்டு மார்பில் அடித்துக்கொண்டு நகர்ந்தாள். கத்தரீனாள் கொடுத்தாள்; அவன் நெற்றி மலைத்தண்ணீர் போல் சில்லிட்டிருந்தது. மூடியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் தயாராக நின்றார்கள். போட்டோக்காரன் ஸ்டூலில் ஏறினான்.

ரிஜின் குனிந்தான். கத்தரீனாள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லிட்டுக் குடு."

"என்னம்மா?"

"உங்கப்பா கேட்டாருல்ல, எத்தனை வெச்சேன்னு? அவருக்கு இன்னும் நீ பதில் சொல்லல. சொல்லிட்டு முத்தம் குடு."

"சேச்சி, இப்போ இதெல்லாம்..." என்று ஜோமோன் முன்னால் வந்தான்.

"நீ தள்ளி நில்லுய்யா. என் புருசன் மூஞ்சிய வண்டியில ஒட்ட வந்தவன்தானே நீ? உன் பூவையும் எடுத்துட்டுப் போ." அவள் குரல் உயரவில்லை. ஆனால் வாசலில் நின்ற பெண்கள் வரைக்கும் கேட்டது. "பம்பு பெட்ரோலுக்கு எத்தனைடா?"

"ஒன்பது."

"நீ வெச்சது?"

சாமியார் புத்தகத்தை மூடினார். நாத்தனார் "மைனி, சவத்துக்கு முன்னால..." என்று இழுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கில்ல. அவருகிட்ட சொல்லு."

ரிஜின் தகப்பனின் முகத்தைப் பார்த்தான்.

"ஒன்பது இல்லப்பா. பதினொண்ணரை வெச்சேன். அது டேப்பட் இல்லப்பா."

பெண்கள் கூட்டத்தில் யாரோ "ஏசுவே" என்றார்கள். போட்டோக்காரன் கேமராவைக் கீழே இறக்கினான்.

ரிஜின் குனிந்து நெற்றியில் வாயை வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. கத்தரீனாள் பிடித்த காலரை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

மூடியைத் தூக்கி நின்ற நாலு பேரும் கனம் தாங்காமல் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.