கிரிசல் மனம் வருந்தவில்லை

ஆக்கன்லாரிக் கிராமத்துச் சபைப் புத்தகத்தில், 1852ஆம் வருடத்துப் பக்கத்தில், கிரிசல் ஹேடோ மனம் வருந்தினாள் என்று எழுதியிருக்கிறது. பச்சைப் பொய். எழுதிய மூப்பருக்குக் கை நடுங்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அந்த வருடம் அறுப்புக் காலத்தில் மூன்று வாரம் விடாத மழை. அறுத்துக் கட்டி வயலில் நிறுத்தியிருந்த ஓட்ஸ், கட்டுக்குள்ளேயே முளைவிட ஆரம்பித்தது. பிறகு, எந்த வேலையும் செய்யக்கூடாத ஓய்வுநாளான ஒரு ஞாயிறன்று வெயில் அடித்தது, நல்ல காற்றும் வீசியது. கிரிசலின் கணவன் காவின் கோயிலுக்குப் போய்விட்டான். இசைக்கருவி எதுவும் வைத்துக்கொள்ளாத சபை அது. வேதத்திலுள்ள சங்கீதப் பாட்டை வரிவரியாக முதலில் பாடி ஜனத்துக்கு எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். ஐந்து வாரக் குழந்தையோடு வீட்டிலிருந்த கிரிசல் மேற்கே வானம் கறுப்பதைப் பார்த்தாள். குழந்தையைக் கூடையில் போட்டு வரப்பில் வைத்தாள், வண்டியைப் பூட்டினாள், காவின் திரும்புவதற்குள் முக்கால் வயல் கதிரைக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டாள். சாயங்காலம் மழை கொட்டோகொட்டென்று கொட்டியது. ஊரில் பாதிப் பேரின் கதிர் அழுகியது. இவர்கள் வீட்டில் மட்டும் வசந்தம் வரைக்கும் கஞ்சிக்குக் கவலையில்லை.

சும்மா விடுவார்களா? சபையின் ஒழுங்கை விசாரிக்கும் மூப்பர்கள் கூடினார்கள். தன் கதிரை முழுசாய் அழுகவிட்ட மூத்த மூப்பர் பர்டி வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். கிரிசல் ஞாயிறன்று எல்லார் முன்பும் நின்று கண்டிப்பை ஏற்க வேண்டும், மனம் வருந்துகிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது.

சனிக்கிழமை மாட்டுக் கொட்டிலில் காவின் மெல்ல ஆரம்பித்தான்.

"சொல்லித் தொலைச்சிடேன். ஒரு வார்த்தைதானே."

"பொய்ங்க அது. கோயில்ல நின்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பிள்ளைக்காகத்தான் கிரிசல்."

"நான் கதிரைச் சேர்த்ததும் பிள்ளைக்காகத்தான். அது கிடக்கட்டும். நாளைக்கு நான் நிக்கறப்ப நீங்க எங்க இருப்பீங்க? அந்தப் பாட்டு மேடையிலயா?"

காவின் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். மூப்பர்கள்மேல் வந்ததைவிட அந்த முதுகின்மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகமாக வந்தது.

ஞாயிறன்று, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கென்று வாசலருகே இருந்த இடத்தில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். போதகர் கால் மணி நேரம் கண்டித்தார். கடைசியில் குரலைத் தணித்துக் கேட்டார்.

"மனசு வருந்துறியாம்மா?"

"இல்லைங்க ஐயா. கர்த்தரோட சீஷர்களும் ஓய்வுநாள்லதான் கதிர் கொய்தாங்க. அதைக் குறை சொன்ன வேஷக்காரங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாததா?"

"வாய்க்கொழுப்பைப் பாருங்க!" என்று பர்டி எழுந்தே விட்டார்.

போதகர் அவசரமாய் வேதத்தை மூடினார். சங்கீதம் பாடுவோம் என்றார்.

காவின் எழுந்தான். பாட்டை எடுக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, கோயிலின் நீளம் முழுக்க நடந்து வந்து கிரிசலின் பக்கத்தில் நின்றான். முன்னூறு பேர் முதல் வரிக்காகக் காத்திருந்தார்கள். பொறுக்கமுடியாமல் பர்டியே பாட்டை எடுத்தார். எட்டாத சுருதியில் எடுத்து, இரண்டாம் வரியில் குரல் உடைந்து நின்றுபோனார். யாரோ சிரிப்பைக் கைக்குட்டைக்குள் அடக்கினார்கள்.

அப்போது காவின், நின்ற இடத்திலிருந்தே, முதல் வரியை எடுத்துக் கொடுத்தான். அந்தக் குரலைப் பின்தொடர்ந்தே பழகிய ஜனம் பெஞ்சில் அப்படியே திரும்பியது. போதகருக்கு முதுகைக் காட்டி, கிரிசலின் முகத்தைப் பார்த்துக் கடைசி வரி வரைக்கும் பாடியது.

"ஐயா, பாட்டு முடிஞ்சுது," என்றான் காவின். "ஞானஸ்நானத்துக்குத் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க. இல்லைன்னா இனிமே எந்த ஞாயிறும் நான் இங்க நின்னுதான் பாடுவேன்."

போதகர் பர்டியைப் பார்த்தார். பர்டி தரையைப் பார்த்தார். தண்ணீர் வந்தது.

பிள்ளையைத் தகப்பன்தான் ஏந்திக்கொண்டு போக வேண்டும். காவின் கையை நீட்டினான். கிரிசல் உடனே கொடுக்கவில்லை.

"என்கூட நிப்பேன்னு நேத்தே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"நேத்து எனக்கே தெரியாதே புள்ள," என்றான் அவன்.

குழந்தையைக் கொடுத்தாள்.