நான்கு விரற்கடை

“மாத்தினது தப்புன்னு நான் சொல்லலையே. மாத்தினதாலதான் கையெழுத்துப் போட முடியாதுங்கறேன்,” என்றார் விமானத்தைச் சோதிக்க வந்திருந்த அதிகாரி வெர்னன்.

மூன்று வருடமாகப் பிரிட்டாவும் கணவன் ஆரினும், கம்பெனி விற்ற பாகங்களை வைத்து, அயோவாவின் அந்தக் கொட்டகையில் ஒவ்வொரு ஆணியாக அடித்துப் பூட்டிய விமானம். ஒரே ஒரு பெட்ரோல் வால்வைத்தான் அவள் இடம் மாற்றியிருந்தாள். எஞ்சினில் தீப்பிடித்தால் உடனே மூட வேண்டிய வால்வு. கம்பெனி வரைபடத்தில் இருந்த இடத்தில், தோள்பட்டி இறுக்கியபின் அவள் கைக்கு அது எட்டாது. நான்கு விரற்கடை தன் பக்கம் இழுத்து வைத்தாள். அவ்வளவுதான்.

“இலகு விமானக் கிட்டுன்னா வரைபடத்துல இருக்கிறபடியே இருக்கணும். திருப்பி வை. நாலு மணி வரைக்கும் இருக்கேன். விட்டா வசந்தத்துலதான் இந்தப் பக்கம் வருவேன்.”

“எனக்கு எட்டாதே, வெர்னன்.”

“தெரியும். கையெழுத்தானதும் உன் இஷ்டம். நாளைக்கே திரும்ப மாத்திக்கோ. சட்டம் தடுக்காது.”

அவர் கிண்டல் செய்யவில்லை. எட்டுகிற இடத்தில் இருந்தால் செல்லாது. எட்டாத இடத்தில் இருந்தால் செல்லும். பிரிட்டா ஆரினைப் பார்த்தாள்.

“புத்தகத்துல இருக்கிற மாதிரியே செய்யின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே மகாராணி,” என்றபடி அவன் ஸ்பேனரை நீட்டினான்.

குழாயைக் கழற்றி, பழைய அளவுக்கு வெட்டி, வால்வை முன்னால் தள்ளிப் பொருத்தினார்கள். கசிகிறதா என்று வெர்னன் விரலால் தடவிப் பார்த்தார். கையெழுத்திட்ட ரோஜா நிறச் சான்றிதழை இருக்கையில் வைத்தார். “இனி இது விமானம்,” என்று சொல்லிவிட்டுத் தன் டிரக்கில் ஏறிப் போனார்.

பிரிட்டா உள்ளே உட்கார்ந்து பட்டியை இறுக்கினாள். கையை நீட்டினாள். விரல் நுனிக்கும் வால்வுக்கும் நடுவே அதே நான்கு விரற்கடை.

வால்வைத் திரும்ப இழுத்து வைக்க ஆரின் மறுபடி ஸ்பேனரை எடுத்திருந்தான். வெளியே, வாரம் முழுக்க அடித்த காற்று நின்றிருந்தது. ஓடுபாதையோரச் சோளத்தட்டையில் ஓர் இலைகூட அசையவில்லை.

“ஆரின், அத விடு. ஒரே ஒரு சுத்து பறந்துட்டு வந்துடலாம். காத்து எப்படி நிக்குது பாரு. வால்வத் தொடற வேலையே வராதுல்ல? என்ன சொல்ற?”

அவன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

“சொல்லேன், நீ என்ன நினைக்கிற?”