விபா பி போட்டாள், அவதேஷ் சி போட்டான்

1.

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். பாட்னாவின் பிக்னா பஹாடியில் சுவர் என்பது ஒரு செங்கல் அகலம், அதிலும் பாதிக் காரை உதிர்ந்தது. பக்கத்து அறையில் தும்மினால் நான் இங்கே மூக்கைத் துடைத்துக்கொள்வேன்.

அந்த அறையில் கணவனும் மனைவியும் குடியிருந்தார்கள். அவதேஷ், விபா. சமஸ்திபூர் பக்கத்து ஆட்கள். இரண்டு பேரும் ஒரே அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். நானோ மருந்துக் கம்பெனி விற்பனைக்காரனாகப் பாட்னாவுக்கு வந்து, கம்பெனி மூடிய பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவன். தமிழில் கதை எழுதுகிறேன். (இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "அதுக்கு எக்ஸாம் உண்டா?")

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

"ஞாயிறு காலை. கங்கையின் படித்துறையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், நெஞ்சில் கனவுகளைச் சுமந்தபடி..."

அடித்துவிட்டேன். கனவைச் சுமந்துகொண்டு யாரும் படித்துறைக்கு வந்து நான் பார்த்ததில்லை. உட்கார ஒரு உரச்சாக்கைத்தான் சுமந்து வருவார்கள். படித்துறையில் கொடுக்கிற மாதிரி வினாத்தாளை எழுதி முடித்ததும் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போவார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்த ஒரு வீடு இருந்தது." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். ஒரு கேள்விக்கு விடை தெரியாது. கதையே அதுதான்.

2.

அந்த வீட்டில் பொது அறிவு, ரொட்டி போடும் நேரத்தில் நடக்கும். ரொட்டியைத் தணலில் போட்டதும் ஒருவர் கேள்வி கேட்பார். அது உப்புவதற்குள் மற்றவர் விடை சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் அன்றைய பாத்திரம் முழுவதையும் தேய்க்க வேண்டும். இதுதான் சட்டம்.

"மூணாவது பானிபட் போர்?"

"ஆயிரத்து எழுநூத்து அறுபத்தொண்ணு. ரொட்டி கருகுது, திருப்புங்க."

சண்டையும் பாடத்திட்டத்துக்கு உள்ளேயேதான் போடுவார்கள்.

"தெனமும் நான்தான் பருப்பு தாளிக்கணும்னு அரசியல் சட்டத்துல எந்த ஷரத்துல எழுதியிருக்கு?"

"அது வழிகாட்டு நெறி, மேடம். கோர்ட்டுல போயி கேக்க முடியாது."

"அப்பச் சரி. பட்டினி கிடக்குறது உங்க அடிப்படை உரிமை."

இந்தப் பக்கம் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். அவர்களை எனக்குப் பிடித்துப்போனது. கதை எழுதுகிறவனுக்கு அது நல்லதல்ல. பிடித்தவர்களுக்குக் கெட்டது எழுத மனம் வராது.

3.

விடை தெரியாத அந்தக் கேள்வி ஒரு நதியைப் பற்றியது. எந்த நதி, என்ன கேள்வி என்று சொல்லமாட்டேன். சொன்னால் கதையைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தடவுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

நான்கு விடைகளில் பி-யா, சி-யா என்பதுதான் தகராறு. ஊரே வைத்துப் படிக்கிற தலையணை கனத்து வழிகாட்டிப் புத்தகத்தில் பி. விபா டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்த பழைய பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் சி.

"அச்சுல இருக்கு மேடம், பாரு. பி."

"என் புஸ்தகம் மட்டும் என்ன, கரிக்கட்டையிலயா எழுதியிருக்கு? அதுவும் அச்சுதான். கவர்மெண்டு அச்சு."

"அது நீ எட்டாவது படிச்சப்ப. நதி அதுக்குள்ள மாறியிருக்கும்."

"மாறும். எங்க அப்பா வீட்டுக்குள்ளயே வந்து கட்டிலு வரைக்கும் ஏறி மாறிப் போயிருக்கு. நதியப் பத்தி எங்கிட்டச் சொல்லாதீங்க."

அந்தக் கேள்வி வந்த நாட்களில் யார் தோற்றார் என்று முடிவாகாது. பாத்திரம் மறுநாள் வரை கிடக்கும். எலிகளுக்கு விருந்து.

4.

தேர்வு நடந்தது. அவதேஷுக்குக் கயாவில், விபாவுக்கு முசாஃபர்பூரில். அவன் அந்த ஊர் எள்ளு மிட்டாயான தில்குட் வாங்கி வந்தான், சித்தப்பா முறை வைத்து 'சாச்சா' என்று கூப்பிட்டு எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தான். சில நாள் கழித்துத் தேர்வாணையம் விடைகளை வெளியிட்டது. போனில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு இருவரும் மார்க் கூட்டினார்கள். இந்தப் பகுதியை நான் புனையவில்லை. கேட்டபடியே தருகிறேன்.

"அந்த நதி வந்துச்சே. நீ சி-தான போட்ட?"

"இல்லங்க. பி."

"பி-யா? எதுக்கு?"

"இத்தன வருஷமா படிக்கிற மனுஷன் சொல்றாரு, நான் எதுக்கு அடம் பிடிக்கணும்னு தோணுச்சு. நீங்க சொல்றதயே போட்டேன்... நீங்க பி-தான?"

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சி," என்றான் அவதேஷ்.

"ஐயோ. ஏன்?"

"நதின்னா உனக்குத்தான தெரியும்."

பிறகு சிரித்தார்கள். நெடுநேரம் சிரித்தார்கள். ஆணையம் சொன்ன விடை பி.

(இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். முடித்திருந்தால் இது ஒரு காதல் கதை. எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போனது.)

மாலைக்குள் பயிற்சி மைய வாத்தியார்கள் எத்தனை மார்க்குக்கு வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். வாத்தியார்கள் கணக்கு பெரும்பாலும் தப்பாது. விபா அந்தக் கோட்டின் மேலேயே நின்றாள், உள்ளே. அவதேஷ் ஒரு மார்க்கில் வெளியே.

5.

தேர்வெழுதாத பாக்கியசாலிகளுக்காக ஒரு குறிப்பு. ஆணையம் முதலில் தருவது தற்காலிக விடை. தப்பென்று நினைக்கிறவர்கள் ஒரு வாரத்துக்குள், ஆதாரப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்து, ஆட்சேபணை அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் விடை மாறும், எல்லோர் மார்க்கும் அதன்படி மாறும்.

பி என்பது சி ஆனால் அவதேஷ் உள்ளே, விபா வெளியே. ஆகாவிட்டால் விபா உள்ளே, அவதேஷ் வெளியே. இரண்டு பேரும் உள்ளே வர வழியே இல்லை. அவனுக்கு இதோடு வயது வரம்பு முடிகிறது. அவளுக்கு வயது இருக்கிறது, ஆனால் மாமியார் கெடு வைத்திருக்கிறாள்: இந்தத் தடவை கிடைக்காவிட்டால் விபா படிப்பை மூட்டை கட்டிவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். ஆதாரமோ அவளுடைய டிரங்குப் பெட்டியில்.

முதல் படியில் அவதேஷை வில்லனாக எழுதினேன். அன்றைக்கே பெட்டியைத் திறந்து, பக்கத்தைப் படமெடுத்து, நெட் சென்டருக்கு ஓடி... அதற்கு மேல் வரி நகரவில்லை. மறுநாள் டீக்கடையில் அவனைப் பார்த்ததுதான் காரணம்.

"சாச்சா, அவ சொன்னதுதான் சரி," என்றான். "ஆட்சேபணை போட்டா கவர்மெண்டே அவ சரின்னு ஒத்துக்கும். ஒத்துக்கிட்டு, அவ வேலயப் பிடுங்கி எனக்குக் குடுக்கும்."

"போடப் போறியா?"

டீயை ஊதினான். குடிக்கவில்லை.

"வாழ்க்கையில நான் பண்ண தப்பு ஒண்ணு உருப்படியா ஒருத்தருக்கு உதவுறது இதான் மொத தடவ. அதயும் போயி திருத்தவா?"

அவனை வில்லனாக்க எனக்கு வேறு கதைதான் வேண்டும். ஆனால் அவன் "போடமாட்டேன்" என்று சொல்லவில்லை என்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். நான் அறைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

6.

விபாவை மொட்டைமாடியில் பார்த்தேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சாச்சா, எங்களப் பத்திக் கதை எழுதுறீங்களாமே. வீட்டு ஓனர் சொன்னாரு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கையில் பேனா இருந்தது.

"அதுல யாருக்கு வேல கிடைக்குது?"

"இன்னும் முடிக்கலம்மா."

"நாங்களும்தான்." அவனுடைய சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "அந்தப் பக்கத்த நான் அனுப்பினா தியாகம்பாங்க. அவரு அனுப்பினா துரோகம்பாங்க. ரெண்டு பேரும் அனுப்புறது அதே பக்கந்தான்."

"நீ அனுப்பப் போறியா?"

கடைசித் துணியை மாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு பண்ணுங்க சாச்சா. நெஜத்துல யாருக்குக் கிடைக்குதோ, கதையில அத மாத்திருங்க. கதையிலயாவது இன்னொருத்தர் போகட்டும்."

அந்த வாரத்தில் இரண்டு மதியங்களில் டிரங்குப் பெட்டியின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஒரு மதியம் அவள் கறிகாய் வாங்கப் போயிருந்தாள். இன்னொரு மதியம் அவன் நூலகத்தில் இருந்தான். புத்தகத்தைப் படமெடுத்தார்களா, வெறுமனே தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார்களா, சுவருக்குத் தெரியாது. சுவர் வழியாகக் கதை கேட்பதில் உள்ள குறை இது.

7.

முடிவுகளுக்கு வருகிறேன்.

ஒன்று: ஆணையம் அந்தக் கேள்வியையே ரத்து செய்து எல்லோருக்கும் ஒரு மார்க் வழங்குகிறது. இப்படி நடப்பதுண்டு. ஆசையாக எழுதினேன். பிறகு பென்சிலால் கூட்டிப் பார்த்தேன். மற்றவர்களுக்கு மார்க் ஏறினால் கோடும் ஏறும்; அந்த மார்க்கை ஏற்கெனவே வாங்கிவிட்ட விபாவுக்கு மட்டும் ஏறாது. விபா கோட்டுக்குக் கீழே போய்விடுவாள், அவதேஷுக்கும் நிச்சயமில்லை. இரக்கப்பட்டு எழுதி இருவரையும் வெளியே தள்ளப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

இரண்டு: இருவரும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசி, மனம்விட்டு அழுது, ஒரு முடிவுக்கு... இல்லை. பேசவேயில்லை. பேசியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

மூன்று: நடந்தது.

இறுதி விடை வந்தது. சி. அந்த நதிக்கு ஊரெல்லாம் சி போட்டவர்கள் இருந்திருப்பார்கள். எத்தனையோ பேர் ஆட்சேபணை அனுப்பியிருப்பார்கள். இவர்களில் ஒருவர் அனுப்பியிருக்கலாம், இருவரும் அனுப்பியிருக்கலாம், ஒருவருமே அனுப்பாமலும் இருந்திருக்கலாம். யார் அனுப்பினார்கள் என்று ஆணையம் சொல்வதில்லை.

அவதேஷுக்கு வேலை கிடைத்தது. கிஷன்கஞ்சில். விபா சமஸ்திபூருக்குப் போகிறாள், மாமியாரிடம். ஊரிலிருந்து போன் மேல் போன் வந்தது. லட்டு வந்தது. "என் புள்ள ஜெயிச்சிட்டான்!" என்று மாமியார் கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலேயே எனக்குக் கேட்டது. விபா சிரித்த குரலில், "ஆமாம்மா, ஆமாம்மா" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கேள்விகள் நின்றுவிட்டன. ரொட்டி உப்புகிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டதும் அவதேஷ் எழுந்து பாத்திரம் தேய்க்கிறான். எல்லா நாளும். விபா "விடுங்க, நான் தேய்க்கிறேன்" என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை.

தப்பாகச் சொன்னவர்தான் தேய்க்க வேண்டும் என்பது சட்டம். அவன் பக்கத்தை அனுப்பிவிட்டு அந்தத் தப்புக்காகத் தேய்க்கிறானா? அவளே அனுப்பிவிட்டாள் என்று நினைத்து, தாங்க முடியாமல் தேய்க்கிறானா? அவள் சும்மா இருப்பது கோபத்தாலா, அவன் மனம் கொஞ்சம் ஆறட்டும் என்றா? எனக்குத் தெரியவில்லை. வருத்தம் என்னவென்றால், அவர்களுக்கும் தெரியவில்லை.

8.

விபா கேட்டபடி மாற்றியும் எழுதிப் பார்த்தேன். கதையில் பி மாறவில்லை. விபாவுக்கு வேலை. அவதேஷ் வெளியே. இனிப்பு வந்தது, கொஞ்சம் குறைவாக. விபா சாப்பிட்டு எழுந்தாள்.

போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

நான் எழுதவில்லை அதை. அவளாகத்தான் போனாள்.

9.

இன்று சனிக்கிழமை. சனிக்கிழமையென்றால் இந்த ஊரில் கிச்சடி. பக்கத்து அறையிலிருந்து வாசனை வருகிறது. சாயங்காலம் அறையைக் காலி செய்கிறார்கள். டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. அவனுக்கு ஒரு ரயில், அவளுக்கு ஒரு பஸ்.

ஒரு சின்னக் கேள்விதான் மிச்சம்: "நீயா அனுப்பினது?" ரொட்டி உப்புவதற்குள் கேட்டுவிடலாம். எத்தனை ஆயிரம் கேள்வி கேட்டுக்கொண்ட வீடு. இதை அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் போய்க் கேட்கலாம்தான். கதவு வரை போனேன். என் முகத்தைப் பார்த்தால் கதைக்காகக் கேட்கிறேன் என்று நினைப்பார்கள். நினைத்தால் தப்பும் இல்லை.

ஆகவே நீங்கள் போங்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். உங்களுக்கு உரிமை உண்டு. வலப்பக்கம் இரண்டாவது கதவு, பெட்டி வாசலில் இருக்கும். அவளைத் தனியாகக் கேளுங்கள், அவனைத் தனியாகக் கேளுங்கள். விடையை என்னிடம் கொண்டுவர வேண்டாம். அவள் சொன்னதை அவனிடமும், அவன் சொன்னதை அவளிடமும் சொல்லிவிடுங்கள்.

சீக்கிரம் போங்கள். சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்கிறது.