தம்பியின் தலைமுடி

1

இந்தக் கதை என்னுடையதே இல்லை. ஈரானின் ராஷ்த் நகரில் என் மகளையும் இன்னும் நான்கு சிறுமிகளையும் தன் பழைய வெள்ளைக் காரில் பள்ளிக்கு ஏற்றிப் போகிற தஹ்மினே சொன்னது. "பேரை மாத்திக்கோ, ஊரை மாத்தாதே. ராஷ்த் மழையில நான் எவ்வளவு நேரம் நின்னேன்னு நாலு பேருக்குத் தெரியணும்" என்றாள். பெயரை மட்டும் மாற்றிவிட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: மழைக்காற்றில் தஹ்மினேயின் கூந்தல் அலை அலையாக

(அடித்துவிட்டேன். அவள் கூந்தலை வைத்து ஆரம்பித்தால் எனக்கும், முக்காடு போடாத பெண்களைப் படம் பிடிக்கிற தெருக் கேமராவுக்கும் என்ன வித்தியாசம்?)

மறுபடியும். சனிக்கிழமை அவள் கைப்பேசிக்குப் போலீசிடமிருந்து செய்தி வந்தது: உங்கள் வாகனத்தில் முக்காடு இல்லாத பெண் பதிவாகியிருக்கிறார், வாகனத்தைப் பதினான்கு நாள் முடக்குகிறோம். அன்றே காரை இழுத்துப் போனார்கள். பதினான்கு நாள் கார் இல்லையென்றால் நாங்கள் ஐந்து வீட்டாரும் வேறு ஓட்டுநரைப் பிடித்துவிடுவோம். ஆமாம், நானும்தான். அவளுக்குச் சோறு போடுவது அந்த ஐந்து வீடுகள்.

மறுநாள் காரை மீட்கப் போலீஸ் அலுவலகத்துக்கு முக்காடு போட்டுக்கொண்டுதான் போனாள்; வாசலில் மழையில் நெடுநேரம் வரிசையில் நின்றாள். [எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் போடாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.]

3

அதிகாரி படத்தை நீட்டினார். "பாரு தங்கச்சி. தோள் வரைக்கும் முடி. வெக்கமாயில்ல?"

"எனக்கு இருக்கறது ஒரே தம்பிங்க ஐயா. இப்ப நீங்க நீட்டறது அவன் படம்தான்."

வெள்ளிக்கிழமை காரைக் கேட்டு வாங்கிப்போன தம்பி ஹூமன், கல்யாண வீடுகளில் வாத்தியம் வாசிக்கிறவன், முடி வளர்த்தவன். கேமரா அவனைப் பின்னாலிருந்து பிடித்திருந்தது. கைப்பேசியில் அவனுடைய தாடி முகத்தைக் காட்டினாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

"அட, ஆம்பளையா! அப்ப ஒரு தப்பும் இல்ல."

அதே கார், அதே முடி. ஆண் தலையில் இருந்தால் சிரிப்பு, பெண் தலையில் இருந்தால் குற்றம். (இங்கே ஒரு கட்டுரையே எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதாமல் நகர்கிறேன்.)

"அப்ப சாவியக் குடுங்க."

"குடுக்கறேன் தங்கச்சி. ஃபைலைத் திறந்தாச்சே, மூடணுமில்ல? இதுல ஒரு கையெழுத்து."

தாளில் அச்சிட்டிருந்தது: நான் செய்த குற்றத்தை இனிமேல் செய்ய மாட்டேன்.

"செய்யாததை இனிமே செய்ய மாட்டேன்னு எழுதித் தரணுமா?"

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான்."

4

வரிசையில் அடுத்து ஓர் அம்மாள் நின்றார், தலை முதல் கால்வரை மூடுகிற கறுப்புச் சாதர் போர்வை. [இவரை முதல் பிரதியில் வில்லியாக எழுதியிருந்தேன். தப்பு என்னுடையது.] மருமகளின் காரை மீட்க வந்தவர்.

"அம்பது வருஷமா இதைப் போத்தறேன். ஆண்டவனுக்காகப் போத்தினது. உங்க சட்டம் வந்து, போலீசுக்குப் பயந்து போத்தறவளா என்னை ஆக்கிடுச்சு. அந்தப் பொண்ணு சாவியக் குடுய்யா!"

அதிகாரி பேனாவைத் தஹ்மினே பக்கம் நகர்த்தினார்.

5

ஒரு முடிவு: கையெழுத்துப் போடுகிறாள். மறுநாள் ஐந்து சிறுமிகளும் நேரத்துக்குப் பள்ளி சேர்கிறார்கள்.

இன்னொன்று: தாளைத் தள்ளிவிட்டு, முக்காட்டை உருவி அவர் மேசைமேல்

(நிறுத்திவிட்டேன். அவர்கள் மூடு என்கிறார்கள், நான் திற என்கிறேன். அவளை யார் கேட்டார்கள்? சிறைக்குப் போவது அவள், கைதட்டல் வாங்குவது நானா?)

நடந்தது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். கையெழுத்துப் போட்டாள் என்று எழுதினால் அவளைக் கூசவைப்பேன். போடவில்லை என்று எழுதினால் அது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். அந்த அலுவலகத்திலும் கதை படிக்கிறவர்கள் உண்டு.

தாள் மேசைமேல் இருக்கிறது. உட்காருங்கள். அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள், கை வருகிறதா என்று.